செலினின் விசைகளில் ஒட்டிய பிளாஸ்திரி

என் பிரியமான செலின்,

போன ஞாயிறு பூசை முடிந்து உங்கம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாங்க. முத்தியால்பேட்டையில் எங்கள் சந்துக்குள் அவங்க வந்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு துணிப்பை. அதற்குள், துண்டில் சுற்றி, உன் குட்டி லேப்டாப்.

"பாஸ்வேர்டு கேக்குதும்மா. அவ சொல்லாமலே போயிட்டா. உள்ள அவ ஃபோட்டோல்லாம் இருக்கு. கடையில குடுத்தா நோண்டி நோண்டிப் பாப்பானுங்க. நீ எடுத்துக் குடுப்பியா?"

நீ போய் நாலு மாதம் ஆகிறது. மூன்றே வாரத்தில் மஞ்சள்காமாலை ஒருத்தியைக் கொண்டுபோய்விடுமா? யாரைக் கேட்பது? "பாக்கறேம்மா" என்று மட்டும் சொல்லி, அலமாரியிலிருந்த நம் பென் டிரைவை எடுத்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். கல்லூரியில் நம் புராஜெக்ட் அறிக்கையை ஒப்படைக்க மூன்று நாள் இருந்தபோது, உன் அண்ணன் பிரான்சிலிருந்து அனுப்பிய இந்த லேப்டாப் எழவே இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்சிமிட்டியது. "ஃபார்மட் பண்ணிடலாம், உள்ள இருக்கறது போயிடும்" என்றார் கடைக்காரர். நம் இரண்டு பேரின் ஆறு மாத வேலையும் அதற்குள்தான் இருந்தது. சிடி போடும் இடமும் அதில் கிடையாது.

உள்ளே இருப்பதைத் தொடாமல், பென் டிரைவில் வேறொரு இயங்குதளத்தை ஏற்றி, அதிலிருந்தே கணினியை எழுப்பலாம் என்று எங்கோ படித்திருந்தேன். படித்ததோடு சரி. லேபில் ஒரு கணினிக்கு மூன்று பேர். பையன்கள் உட்காருவார்கள், நான் பின்னால் நின்று நோட்டில் எழுதிக்கொள்வேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எதையாவது தொட்டுக் கெடுத்துவிட்டால் என்ன சொல்வது என்ற பயம் விரல்களிலேயே இருந்தது. உன்னிடம் சொன்னதுகூட முனகலாகத்தான்.

"அப்ப நீயே பண்ணு" என்றாய்.

"கெட்டுப் போச்சுன்னா?"

"ஏற்கெனவே கெட்டுதான்டி கெடக்கு."

பிரவுசிங் சென்டரில் என்னை யாரென்று கேட்டபோது, நான் வாய் திறப்பதற்குள் "என் தங்கச்சி" என்று சொல்லிவிட்டாய். எழுநூறு எம்பி இறங்கி முடிய ஒரு பகல் முழுவதும் ஆனது. இறங்கிய கோப்பை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்து எடுத்து வந்தேன். லேப்டாப் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முட்டைய அப்படியே தட்டுல வெச்சா ஆம்லெட் ஆவுமாடி? ஒடச்சி ஊத்தணும்ல" என்று சிரித்தாய். கேலிக்குத்தான் சொன்னாய், விஷயமும் அதுதான். அந்தக் கோப்பைப் பிரித்து, கணினியை எழுப்பும் விதமாகப் பென் டிரைவில் எழுத ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறதென்று மறுநாள் கண்டுபிடித்தேன். எழுதினேன். எஃப் டூவைத் தட்டி, முதலில் யூஎஸ்பியைப் பார் என்று மாற்றி வைத்தேன். திரை வெளிச்சமானது. நீ என் தோளைப் பிடித்துக் குலுக்கினாய்.

டிஸ்க்கைத் திறக்க 'மவுண்ட்' என்று ஒரு வரி டைப் செய்யவேண்டியிருந்தது. எம்மைத் தட்டினால் அரைப்புள்ளி விழுந்தது. மறுபடியும் அரைப்புள்ளி. நான் அழும் நிலைக்கு வந்துவிட்டேன். விசைகள் பிரெஞ்சு வரிசையில் இருந்தன; புதிதாக எழுந்ததோ அமெரிக்க வரிசையை எதிர்பார்த்தது.

"எங்க வீடு மாதிரியே இருக்குடி. அப்பா ஒண்ணு சொல்லுவாரு, அம்மா ஒண்ணு கேட்டுக்குவாங்க."

பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டி, சரியான எழுத்துகளைப் பேனாவால் எழுதி, ஐந்து விசைகளின் மேல் ஒட்டினாய். பிறகு, "புராஜெக்ட்ட மட்டும் எடு. மத்தத பாத்த, கொன்னுடுவேன்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாய்.

அரைமணி நேரம் நீ வரவில்லை. உன்னுடையதெல்லாம் என் முன்னால் திறந்து கிடந்தது. 'எனக்கு மட்டும்' என்று ஒரு ஃபோல்டர். நான் தொடவில்லை. டீயோடு வந்த நீ எதுவும் கேட்கவும் இல்லை. அதுவரை என்னை யாரும் எதனோடும் தனியாக விட்டுப் போனதில்லை, செலின். அன்றைக்கு இதற்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. டீயில் சர்க்கரை அதிகம் என்று சொன்னேன்.

ஞாயிறு அன்று துண்டைப் பிரித்ததும் பிளாஸ்திரி கண்ணில் பட்டது. ஐந்தும் அப்படியே இருந்தன. லேப்டாப்பைச் சரிசெய்த பிறகும் நீ தினமும் பிரெஞ்சு வரிசையில்தானே டைப் செய்தாய், அதற்கு அவை தப்பான எழுத்துகள்தானே? நீ ஏன் பிய்க்கவே இல்லை?

பென் டிரைவிலிருந்து எழுப்பி, அவற்றைப் பார்த்தே டைப் செய்தேன். பாஸ்வேர்டு கேட்காமல் டிஸ்க் திறந்தது. நோணாங்குப்பம் படகில் நீ துப்பட்டாவோடு மல்லுக்கட்டும் படங்கள் எல்லாம் கிடைத்தன. உங்கம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாங்க. பிறகு திரையைத் தொட்டு, "இது என்னாது?" என்று கேட்டாங்க. அந்த ஃபோல்டர்.

பெற்றவள் கேட்கிறாள். ஒரு தட்டுத் தட்டினால் திறந்துவிடும். நான் பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறவளா?

"அது அவளோடதும்மா. யாரையும் பாக்க உட மாட்டா. என்னையும்தான்."

உங்கம்மா திரையிலிருந்து விரலை எடுத்தாங்க. அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உடு. உசுரோட இருந்தாலும் எனக்குக் காட்டியிருக்க மாட்டா, கழுத" என்றாங்க. படங்களை என் கம்ப்யூட்டருக்கு மாற்றி, சிடியில் போட்டுக் கொடுத்தேன். "மெர்சிம்மா" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாங்க. "இது உன்கிட்டயே இருக்கட்டும். வீட்ல வெச்சா என் கை சும்மா இருக்காது" என்று சொல்லி, காலிப் பையோடு நடந்து போனாங்க.

இப்போது ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன், தெரியுமா? பின்னால் நின்று எழுதிக்கொள்ளும் பெண் எல்லா வகுப்பிலும் ஒருத்தி இருக்கிறாள். அவளை உட்காரவைத்துவிட்டு, நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நிற்கிறேன்.

உன் லேப்டாப் என் மேசையில் இருக்கிறது. எனக்குத் திறக்கத் தெரியும். நீ டீ போடத்தான் போயிருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன், தொட மாட்டேன்.

பிரவுசிங் சென்டரில் நீ சொன்னபடி,
உன் தங்கச்சி
கவிதா