தலையும் ஈரலும்

மத்திகிரி,
4-8-2025

அன்புள்ள ஆஞ்சப்பா,

போனில் பேசினால் உன் வீட்டம்மா நாகம்மா ஸ்பீக்கரில் போட்டு, நடுவில் தெலுங்கில் தீர்ப்பும் சொல்கிறாள். அதனால் காலி மீன்பெட்டியில் கடிதம் வைத்து டவுன் பஸ்ஸில் அனுப்புகிறேன். கண்டக்டர் படித்தால் படிக்கட்டும்.

மீனில் உலோகம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க, உன் ஆற்றங்கரையிலிருந்து ஐந்து ஜிலேபி மீன் கேட்டேன். நீ தலை வெட்டி, குடல் எடுத்து, மஞ்சள் தடவி அனுப்பியிருக்கிறாய். மிளகாய்த்தூள்தான் பாக்கி. எங்கள் லேப் அதிகாரி சௌமியா மேடம் லீவில் இருந்ததால் என் மானம் தப்பியது. முழு மீன் மறுபடி கேட்கச் சோம்பல். கழுவிவிட்டு, இருந்த சதையைச் சோதித்தேன். எல்லாம் வரம்புக்குள்தான். ஆற்று நுரையைப் பார்த்துப் பயந்தாயே, தைரியமாகச் சாப்பிடு. பிரசவத்துக்கு வந்திருக்கும் உன் மகள் சரிதாவுக்கும் கொடு.

உன்,
சென்னகிருஷ்ணன்


29-8-2025

அன்புச் சென்னகிருஷ்ணா,

கழுவாத மீனை ஆபீசுக்கு அனுப்பினால் என் மரியாதை என்ன ஆவது?

உன் கடிதம் வந்த அன்றே உலை வைத்தோம். சதை எங்களுக்கு, தலையும் ஈரலும் சரிதாவுக்கு. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு எங்கள் வீட்டில் அதுதான் முறை. மிளகுச்சாறு வைத்தால் சொட்டு விடமாட்டாள். "லேப் மாமாவே சொல்லிட்டாரு, இன்னொரு கிண்ணம் ஊத்துமா" என்கிறாள். மூன்று நாளாக வயிறு வலிக்கிறதாம். எட்டாம் மாதம் அப்படித்தான் என்கிறாள் நாகம்மா.

இப்போதெல்லாம் எனக்கு வலையே வேண்டாம். மீன் கரையோரம் அசையாமல் கிடக்கிறது, கையாலேயே எடுக்கிறேன்.

உன்,
ஆஞ்சப்பன்


மத்திகிரி,
2-9-2025

ஆஞ்சப்பா,

நேற்று போனில் நாகம்மாவிடம் மீன் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை.

உன் கடிதம் கிடைத்ததும், உனக்குத் தெரியாமல் கரைக்கு வந்து முழு மீன் எடுத்துப்போய் ஈரலைச் சோதித்தேன். சௌமியா மேடம் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். காட்மியம் வரம்பைப் போல் பல மடங்கு. தலையோடு இருக்கும் செவுளில் ஈயம். இவை சதையில் அதிகம் தங்காது. ஈரலிலும் செவுளிலும்தான் சேரும். இது அன்றைக்கும் எனக்குத் தெரியும். மிளகாய்த்தூள் வரை எழுதியவன், இந்த ஒரு வரியை எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் சரிதாவைக் கிருஷ்ணகிரிக்கு அழைத்து வா. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

சென்னகிருஷ்ணன்


6-9-2025

திரு. சென்னகிருஷ்ணன் அவர்களுக்கு,

ரத்தம் கொடுத்துவிட்டோம். முடிவு அடுத்த வாரம்.

நீங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்தோம். முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி, எதிர்ப்பக்கமாக நடத்தி அழைத்துப் போனேன். சரிதாவிடம் இன்னும் சொல்லவில்லை. "லேப் மாமா ஏம்பா சிரிக்காம நிக்கறாரு" என்று கேட்டாள்.

பெட்டி வருகிறது. நீங்கள் கேட்ட ஐந்து மீன் உள்ளே இருக்கிறது. எதையும் கழுவவில்லை.

கொ. ஆஞ்சப்பன்