செவ்வாயில் ஒரு மூட்டைப் பயறு

செவ்வாய்க் கோள், வடமுனை ஆய்வு நிலையம். மருத்துவர் பிலோமினா பர்னாந்தின் பதிவு.

மார்ச் 3, காலை 7.10

காற்றழுத்தம் சரி. குடிநீர் சரி. மாவு இயந்திரம் இரவெல்லாம் ஓடியிருக்கிறது. வெளிக்காற்றின் கரியமில வாயுவை இழுத்து மாவாக்கித் தள்ளுவதில் அதற்கு அலுப்பே கிடையாது. நிலையத்தில் இரண்டே பேர், நானும் பொறியாளர் தாணுமாலயனும். நாகர்கோவில்காரன். நான் வைத்த குழம்பை ஒருமுறை சாப்பிட்டவன், அன்றே சமையல் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டான். இன்று பயற்றங்கஞ்சி. நன்றாகவே இருந்தது. அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும்.

மார்ச் 19, மாலை 4.30

குளிர் அறையில் குழாய் வெடித்து அம்மோனியா முழுவதும் உள்ளே கொட்டிவிட்டது. துவரம்பருப்பு, கடலை, பால்பொடி, முட்டைப்பொடி, நெத்திலிக் கருவாடு, எல்லாம் நாசம். சமையலறை மூலையில் இருந்த ஒரு மூட்டைப் பாசிப்பயறு மட்டும் தப்பியது.

இதைப் படிப்பவருக்குச் சொல்கிறேன். நாங்கள் பட்டினி கிடக்க மாட்டோம். மாவு கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அதில் புரதம் இல்லை. வயிறு முட்டக் களி தின்றாலும், புரதம் கிடைக்காத உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னும். தொட்டியில் வளரும் கீரை அதற்கு ஈடாகாது. சரக்குக் கப்பல் நவம்பரில்தான் வரும். மூட்டை இருவருக்கும் ஜூலை வரை வந்தால் பெரிய விஷயம்.

மார்ச் 21, காலை 9.00

பூமியிலிருந்து: "பாதிப் பயறை உண்ணவும். பாதியைக் கீரைத் தொட்டிகளில் விதைக்கவும். ஜூனில் அறுவடை கிடைத்தால் இருவருக்கும் நவம்பர் வரை போதும்."

விதைத்தோம். தாணு ஒவ்வொரு பயறாக விரலால் அழுத்தி, மண்ணை மூடி, தட்டிக்கொடுத்தான். குழந்தையைத் தூங்க வைக்கிறாயா என்று கேட்டேன்.

மார்ச் 30, காலை 8.15

ஒன்றுகூட முளைக்கவில்லை. விளக்கை மாற்றினேன், தண்ணீரைச் சோதித்தேன், மண்ணைத் திட்டினேன். தோண்டிப் பார்த்தால் அத்தனையும் அழுகிப் பூஞ்சை பிடித்திருந்தது. அள்ளித் தின்னவும் வழியில்லை. மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடியை நாலு நாள் முன்பு ஈரத்துணியில் கட்டி வைத்திருந்தேன். அதிலும் முளை இல்லை.

மூட்டையை என்ன செய்தாய் என்று தாணுவிடம் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னான்.

"வந்த வாரமே வறுத்து வெச்சேன் டாக்டரக்கா. எங்க அம்மை பயறு வாங்குனா மொதல்ல லேசா வறுத்துதான் டப்பால போடுவா. இல்லேன்னா வண்டு விழுந்துரும்லா."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஓர் ஈ எறும்பு இல்லாத கோளில் வண்டுக்குப் பயந்து வறுத்திருக்கிறான். வறுத்தது முளைக்காது என்று தெரியாதவன் இல்லை. கை பழகிய வேலை, செய்ததே நினைவில் நிற்கவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "ஏல, நீ வறுத்தது பயற இல்ல, நம்ம ரெண்டு பேரையும்" என்றேன். அவன் பாத்திரம் கழுவப் போனான்.

ஏப்ரல் 2, மாலை 6.00

கப்பலை முன்னதாக அனுப்ப இயலாது என்று பூமி சொல்லிவிட்டது. மிச்சப் பயறை நிறுத்துக் கணக்குப் போட்டோம். இருவர் பங்கிட்டால் தேவையில் கால்வாசிதான் கிடைக்கும், இருவருமே நவம்பரைப் பார்ப்பது சந்தேகம். ஒருவர் மட்டும் என்றால் அரை அளவில் தட்டுத்தடுமாறித் தப்பலாம். கணக்குக்காகத்தான் இதைத் தாணுவிடம் சொன்னேன். சரி பாதியாகப் பங்கிடுவது என்று முடிவு. நான் மருத்துவர், என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

ஜூன் 14, காலை 7.40

எனக்கு முடி கொத்தாக உதிர்கிறது. ஏணி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பயறை முழுதாக வேகவைத்தால் சத்து வீணாகும் என்று தாணு அரைத்து மாவுக்கூழில் கலக்குகிறான். எனக்குப் பரிமாறிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிடுவது அவன் எப்போதும் செய்வது. அவன் முகம் உருண்டையாகியிருக்கிறது. கல்யாணக் களை வந்துவிட்டது என்று கிண்டல் செய்தேன். சிரித்தான்.

ஆகஸ்ட் 8, காலை 10.20

பூமியிலிருந்து: "பொறியாளரின் எடை கூடியுள்ளது. மகிழ்ச்சி."

எடை எப்படிக் கூடும்? ஓடினேன். அவன் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது, விழுந்தபடியே கிடந்தது. உடம்பெல்லாம் நீர், புரதம் இல்லாத வீக்கம். ஏப்ரலிலிருந்து அவன் பயறைத் தொடவேயில்லை. வெறும் களி. அவன் பங்கும் என் கூழில்தான். டாக்டராம் டாக்டர். தினமும் எதிரில் பார்த்துக்கொண்டு கல்யாணக் களை என்றேனே, பாவி.

கத்தினேன், கையில் இருந்த கிண்ணத்தை எறிந்தேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "ஒருத்தருக்குன்னா நவம்பர் வரைக்கும் ஓடும்னு நீங்கதான சொன்னீய."

ஆகஸ்ட் 15

பயற்றுத் தண்ணீரைக் கரண்டியால் ஊட்டுகிறேன். நிற்கவில்லை, எல்லாம் கழிந்துபோகிறது. காய்ச்சல். நெஞ்சில் சளி. திட்டிக்கொண்டே ஊட்டுகிறேன். முழுங்குல, முழுங்கு. எனக்காக ஒரு வாய்.

ஆகஸ்ட் 21

தாணு போய்விட்டான். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வறுத்ததற்கு மன்னிப்புக் கேட்டான். அதற்கு நான் பதில் சொல்வதற்குள்

ஆகஸ்ட் 23, காலை 9.00

பூமியிலிருந்து: "பொறியாளர் தாணுமாலயனுக்கு எங்கள் அஞ்சலி. கையிருப்பு உணவு நவம்பர் வரை போதுமா? தெரிவிக்கவும்."

அனுப்பிய பதில்: "போதும்."