வாசுகி வளர்த்த நரம்பு

1996 அக்டோபர் 14, திங்கள்

விடியும்போதே மழை. காலைப் பெரட்டில் ஆட்களின் பெயர் கூப்பிட அரை மணி தாமதம். ரப்பர் மரமெல்லாம் ஈரம், பால் வெட்டு இல்லை. ஆட்களைப் புல் பிடுங்க அனுப்பியாயிற்று.

கிராணி நான் ஆட்களின் வருகையைக் குறிக்கும் செக்ரோலில் எழுத்து மறுபடி சிறுத்துவிட்டது. முதல் பெயர் கடலை அளவு, பத்தாவது பெயர் கடுகு அளவு. மானேஜர் புத்தகத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றார். மாற்றட்டும்.

ஜூலையில் சிரம்பான் டாக்டர் சொன்னது இதைத்தான். வலது கை நடுக்கம், எழுத்துச் சிறுத்தல், நடை குறுகல். பார்க்கின்சன். மூளையில் ஒரு வகை நரம்பு செத்துக்கொண்டே வருகிறதாம். எனக்கும் என் மனைவி செல்லத்துக்கும் மட்டும் தெரியும். மகள் வாசுகிக்குத் தெரியக் கூடாது.

வாசுகி கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்வதும் இதே நோய். இத்தனை நோய் இருக்க இதுதானா எனக்கு வர வேண்டும். இங்கிலாந்தில் மூன்று வருடம் இதையே படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் போட வேண்டும். ஒரே பிள்ளை. தெரிந்தால் போகமாட்டாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும், என்னுடையதுதானே.

அக்டோபர் 17, வியாழன்

நல்ல வெயில். டைப்ரைட்டர் ரிப்பன் வாங்க வேண்டும். வாசுகி ஆபீசுக்குப் போன் செய்தாள்.

"அப்பா, நரம்பு முளைச்சிருச்சுப்பா. நூல் நூலா நீட்டிக்கிட்டு இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க."

"ஞாயித்துக்கிழமையுமா வேலை?"

"அதுங்களுக்கு ஏதுப்பா லீவு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை சாப்பாடு மாத்தணும் லா."

அவள் சொல்லி எனக்குப் புரிந்தவரை: உயிரோடு இருக்கிற ஆளின் மூளையில் நரம்பை வெட்டி எடுத்துப் பார்க்க முடியாது. அதனால், மனிதக் கட்டி ஒன்றிலிருந்து எடுத்த, இன்னும் எதுவாகவும் ஆகாத குருத்தணுவைப் புட்டியில் வளர்க்கிறார்கள். வைட்டமின் ஏ வகை மருந்து ஊற்றி ஆறு வாரம் காத்திருந்தால் நரம்பணுவாக மாறுகிறது. பிறகு அதற்கு விஷம் வைத்து, எப்படிச் சாகிறது, எது காப்பாற்றும் என்று பார்ப்பார்கள். போன தடவை நாலாம் வாரத்தில் பூஞ்சை பிடித்து எல்லாம் போயிற்று. போனில் அழுதாள். மறுநாள் காலையே முதலிலிருந்து ஆரம்பித்தாள். என் மகள்.

மாலை ரெம்பாவ் காப்பிக்கடை. ஆட்களை மேற்பார்க்கும் ஆறுமுகம் மண்டோரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"உங்க மவ மூளை செய்யுதா கிராணி? நம்ம மானேஜருக்கு ஒண்ணு சொல்லி வைங்களேன்."

கடையே சிரித்தது. மூளை இல்லை, நரம்பு என்று திருத்தினேன். யார் கேட்டார்கள். காப்பியை இடது கையால் குடித்தேன்.

ஞாயிற்றுக்கு:
வெள்ளைச் சட்டை.
செல்லம் கட்டித் தரும் பூசைப் பொட்டலம்.
வலது கை எப்போதும் பாக்கெட்டில்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஆயுத பூசை. காலையில் பால் ஸ்டோரில். தராசு, டைப்ரைட்டர், லாரி, பால் வெட்டும் கத்திகள். இருபத்திரண்டு வருடமாகப் பொட்டு என் வேலை. ஐம்பது காசு மாதிரி வட்டமாக வைப்பேன், எஸ்டேட்டுக்கே தெரியும். இந்த வருடம் இடுப்பு வலி என்று சொல்லி ஆறுமுகத்தை வைக்க விட்டேன். அவர் வைத்தது சப்பட்டை.

பிறகு கோலாலம்பூருக்குப் பஸ். மந்தின் ஊர் தாண்டும்வரை தூக்கம்.

ஆய்வுக்கூடத்தில் செருப்பை மாற்றி, வெள்ளைக் கோட்டு போட்டு உள்ளே கூட்டிப்போனாள். கோட்டில் பாக்கெட் இருந்தது, நல்ல வேளை.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். சின்னச் சின்ன உருண்டைகள். ஒவ்வொன்றிலிருந்தும் நூல். நூலும் நூலும் தொட்டுக்கொண்டு. மனித நரம்பு. லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளை வளர்த்தது.

நன்றாகப் பார்க்கக் குனிந்தேன். மறந்துபோய் மேசையைப் பிடித்தது வலது கை. படம் முழுக்க ஆடியது.

"என்னப்பா?"

"ரோட்டுல லாரி போகுது போல." கையை எடுத்துப் பாக்கெட்டில் போட்டேன். படம் நின்றது.

"ஆமாப்பா, லாரிதான்."

தப்பித்தேன்.

அதோடு கிளம்பியிருக்கலாம். அவள் புட்டி எடுக்கப் பக்கத்து அறைக்குப் போன நேரத்தில் ஒரு கிறுக்குத்தனம். தராசுக்கே பொட்டு வைக்கிறோம், நரம்பு வளர்க்கிற இன்குபேட்டருக்கு வைக்கக் கூடாதா? பொட்டலத்துச் சந்தனத்தைக் குழைத்து அதன் கதவில் வைத்தேன். வட்டம் வரவில்லை. கோழி கிளறியது மாதிரி இழுத்துக்கொண்டு போயிற்று. குங்குமம் எங்கேயோ போய் விழுந்தது.

"அய்யோ அப்பா, சந்தனத்துல பூஞ்சை இருக்கும்பா. ஆறு வார உழைப்பு."

ஸ்பிரிட் பஞ்சோடு ஓடி வந்தவள், பொட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் துடைத்தாள். பஸ் ஏற்றிவிட்டாள்.

அக்டோபர் 26, சனி

ஆறு நாளாகப் போன் இல்லை. பூஞ்சை பிடித்துவிட்டதா? சாப்பாடு இறங்கவில்லை. பொட்டு வைத்ததைச் செல்லத்திடம் சொல்லிவிட்டேன்.

"ஏங்க, அது என்ன மோட்டாரா, பொட்டு வைக்கிறதுக்கு? அவ நெத்தியில வைக்கத்தானே கட்டிக் கொடுத்தேன்."

பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன்.

அக்டோபர் 28, திங்கள்

வாசுகி போன் செய்தாள். பூஞ்சை இல்லை. எல்லாம் உயிரோடு இருக்கின்றன. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்.

இங்கிலாந்துக்குப் பதில் போட்டாயா என்றேன். தீபாவளிக்கு வந்து சொல்கிறேன் என்றாள். குரல் சரியில்லை. போகமாட்டாள் போலிருக்கிறது. எதனால் என்று தெரியவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

தீபாவளி. தூறல். முறுக்கு நன்று, அதிரசம் கல்.

வாசுகி நேற்றே வந்துவிட்டாள். தலைக்கு எண்ணெய் வைப்பது எப்போதும் செல்லம். இன்று வாசுகி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த வருஷம் நீங்க வைங்கப்பா."

இடது கையில் எண்ணெயைத் தொட்டேன்.

"நல்ல நாள்பா. சோத்துக் கையால வைங்க."

வைத்தேன். அவள் உச்சந்தலையில் என் கை ஆடியது. இரண்டு கையாலும் அதை மேலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு லாரி ஒண்ணும் போகலப்பா. நாம இருந்தது ஏழாவது மாடி. அப்பவே சந்தேகம். பொட்டைப் பார்த்ததும் தெரிஞ்சிருச்சு. சின்னப் பிள்ளையிலேருந்து உங்க பொட்டைப் பார்க்கிறேன்."

செல்லம் அடுப்படியில் மூக்கைச் சிந்தும் சத்தம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ போகமாட்டேன்னு உட்கார்ந்திடக் கூடாதுன்னுதானே நாலு மாசமா மறைச்சேன். எல்லாம் வீணாப் போச்சு."

"போறேன்னு மறுநாளே கடுதாசி போட்டுட்டேன்பா. உங்களுக்கே இந்த நோய்னு தெரிஞ்சப்புறம் எப்படிப் போகாம இருப்பேன்? போன்ல சொன்னா அழுதிடுவேன், அதான் சொல்லல."

என் காலத்துக்குள் மருந்து வருமா என்றேன். தெரியாதுப்பா, பொய் சொல்லமாட்டேன் என்றாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

நாலு கோடு போட்ட காப்பி நோட்டு வாங்கி வந்திருக்கிறாள். பெரிதாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதினால் எழுத்து சிறுக்காதாம். இதை அதில்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு நாலே வரி. கோணல்தான், ஆனால் படிக்க முடிகிறது.

மத்தியானம் ஆறுமுகம் பலகாரத் தட்டோடு வந்தார். "என்ன கிராணி, ஒண்ணாம் வகுப்பா?"

எனக்குப் பார்க்கின்சன் என்றேன். என் மகள் அதைப் படிக்க இங்கிலாந்துக்குப் போகிறாள் என்றேன். அவர் தட்டைக் கீழே வைத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை வலது கை மேசைமேலேயே இருந்தது.