துடைத்துத் திருப்பிக் கொடுத்த வண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறீர்களா? அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று போன வாரம் சொன்னாய், சின்னவளுக்குக் காதை மூடி அனுப்பு. இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. போனில் நல்லா இருக்கோம் நல்லா இருக்கோம் என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன், ஏனென்றால் உன் அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்ததே தவிர காது இரண்டும் பாம்புக் காது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன், எழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் படி, கோபம் வந்தாலும் முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

விஷயம் இதுதான். போனில் மணிக்கணக்குக்கு புக் பண்ணி நாமே ஓட்டுவோமே, அந்த ஷேர் காரை நமக்கு நிறுத்திவிட்டார்கள், இரண்டு மாதத்துக்கு. உன் கணக்கில்தானே என்னையும் சேர்த்துவிட்டுப் போனாய், உனக்கும் மெயில் வந்திருக்கும், நீ ஆபீஸ் மெயிலைத் தவிர வேறு எதையும் திறந்து பார்க்க மாட்டாய் என்று எனக்குத் தெரியாதா. ஒரே மாதத்தில் மூன்று தடவை வண்டியை நேரம் தாண்டிக் கொண்டுவந்து விட்டோமாம். விட்டோம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏன் தாமதமானது என்று கேட்டால் சிரிப்பாய், சிரித்துவிட்டு அழுவாய், நான் அப்படித்தான் செய்தேன்.

நம் காரை விற்றதைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அப்பா விழுந்த பிறகு அது கீழே பேட்டரி செத்துத் தூசி படிந்து கிடந்தது, கியர் இல்லாத வண்டியென்றால் ஓட்டுவேன், அந்தக் கியர் வண்டிக்கு எனக்குக் கை வராது, நீ வந்து ஒரு மாதம் இருந்தபோது விற்றுக் கொடுத்தாய், சரிதான். போகும்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளும் ஒட்டினாய், இரண்டு மூன்று மணி நேர வேலை என்றால் தெருமுனை சூப்பர் மார்க்கெட் பின்னால் நிற்கும் ஷேர் கார், நாள் முழுக்க என்றால் ஸ்டேஷன் பக்கத்து ஆபீஸில் டிரைவர் இல்லாத வாடகைக் கார் என்று. நல்ல தெளிவாக எழுதியிருக்கிறாய், யார் வந்தாலும் நின்று படிக்கிறார்கள். ஆனால் பாப்பா, அந்தத் தாளில் உன் அப்பா இல்லை. படி இறங்க அவருக்கு இருபது நிமிஷம் ஆகிறது. முன்னால் எடுத்தவர் சீட்டைத் தன் காலுக்கு ஏற்ற மாதிரி முன்னால் இழுத்து வைத்திருப்பார், அதைப் பின்னால் தள்ளி, அவர் இடுப்புக்குத் தலையணை வைத்து, விழுந்த காலைத் தூக்கி உள்ளே வைத்து, கண்ணாடிகளை எனக்குத் திருப்பிக்கொள்வதற்குள் எனக்கு வியர்த்துவிடும். அதெல்லாம் பரவாயில்லை, அரை மணி நேரம் முன்னாலேயே புக் பண்ணிப் பழகிவிட்டேன். தாமதம் அங்கே இல்லை, திருப்பி விடும் இடத்தில்.

பிசியோதெரபி முடிந்து வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் உன் அப்பா இறங்கி நின்றுகொண்டு துணி கொடு என்பார். முப்பது வருஷம் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்த மனுஷன், எண்ணெய் பிசுக்கோடு ஒரு ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தால் ஃபோர்மேன் ஆனாலும் வாங்க மாட்டார், துடைச்சிட்டு வா என்று ஜன்னலை மூடிவிடுவார், உனக்குத் தெரியும். அடுத்தவங்க வண்டிய அழுக்கா விட்டுட்டு வர்றதா என்று பிடித்த பிடியில் நிற்கிறார். பிடிவாதத்துக்கு மட்டும் பக்கவாதம் வரவில்லை. முதல் தடவை எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது, நம் வண்டியை என்றைக்காவது இப்படித் துடைத்தாரா என்று. அப்புறம்தான் பார்த்தேன். விழாமல் நிற்க வலது கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும் இல்லையா, அதனால் துணி இடது கையில் இருந்தது. அந்தக் கை, பாப்பா. தெரபி ரூமில் மர ஆணியை எடுத்துத் துளையில் போடச் சொன்னால் இது என்ன சின்னப் புள்ள வெளையாட்டு என்று மடியில் வைத்துக்கொள்ளும் அதே கை, கண்ணாடியில் மேலும் கீழும் போய் வந்தது. இரண்டாவது வாரம் துணியைத் தானே உதறினார். தெரபி பண்ணும் பெண்ணிடம் சொன்னேன், அவள் அப்பாவின் விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு என்ன பயிற்சி கொடுக்கறீங்களோ அத விடாதீங்க என்றாள்.

எப்படி விடாமல் இருப்பது சொல். நேரம் முடிந்தது என்று போன் கையில் அதிர்கிறது, அவர் பின்கண்ணாடிக்குப் போகிறார். போதும் வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரை மணி கூடுதலாக எடுத்துப் பார்த்தேன், கால் மிதியடிகளை வெளியே எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டார். வீட்டிலும் செய்து பார்த்தேன், துணியைக் கொடுத்து ஹால் ஜன்னலைக் காட்டினால் நம்ம ஜன்னலுக்கு என்ன அவசரம் என்று வலது கையால் பேப்பரைப் புரட்டுகிறார். மூன்றாவது தடவை அடுத்து எடுக்க வேண்டிய பெண் வந்து நின்றுவிட்டாள், நர்ஸ், டியூட்டிக்குப் போக வேண்டிய யூனிஃபார்மில். முப்பத்தைந்து நிமிஷம் நிற்க வைத்துவிட்டோம். கத்தத்தான் வந்தாள், அப்பா ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டு, எனக்கு சுத்தமான வண்டி வேணாம்மா, நேரத்துக்கு வண்டி வேணும் என்றாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா மட்டும் இப்ப கண்ணாடி பளிச்சுனு தெரியும் பாருங்க என்று அவளிடம் சாவியைக் கொடுப்பது போலக் கையை நீட்டினார், அந்த வண்டிக்குச் சாவியே கிடையாது, போனில்தான் திறக்கும்.

வாடகைக் கார் எடுக்க வேண்டியதுதானே என்பாய். அதுவும் எடுத்தேன், இரண்டு தடவை, உன்னிடம் சொல்லவில்லை. வண்டி அருமை, மாலை வரை யாரும் விரட்ட மாட்டார்கள், அப்பா ஆசை தீரத் துடைத்தார். ஆனால் அதை எடுத்து வர நான் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், வீட்டுக்குக் கொண்டுவந்து தர ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது தடவை நான் வருவதற்குள் தயாராக இருக்கலாம் என்று அவராகவே படி இறங்கி, திருப்பத்தில் விழுந்துவிட்டார். எலும்பு ஒன்றும் ஆகவில்லை, சத்தியமாக. கீழ் வீட்டு டெய்லரம்மாதான் தூக்கி உட்கார வைத்திருக்கிறாள். அன்றிலிருந்து அவரைத் தனியாக விட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லை, யாரையாவது கூட உட்கார வைத்தால் எனக்குக் காவலா என்று கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறார். டாக்ஸி என்ற பேச்சையே எடுக்க முடியாது. ஒருநாள் சீட்டை நனைத்துவிட்டார், டிரைவர் ஏதோ முணுமுணுத்தான், அதோடு சரி.

நேற்று அப்பா தூங்கும் நேரம் பார்த்து அந்த ஷேர் கார் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று கால் மணி நேரம் அழுத்திய பிறகு ஒரு பெண் கிடைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், கை அசைவதைக்கூடச் சொன்னேன், யாரோ ஒரு பெண்ணிடம் போய் என் வீட்டுக்காரர் கையைப் பற்றி. நல்ல பெண்தான், பொறுமையாகக் கேட்டாள், ஆனா கம்ப்யூட்டரே நிறுத்திடும்மா, நான் திறக்க முடியாது, கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்க பேசினாலும் இதேதான் என்றாள். என் வயதுக்குப் புதிதாகக் கணக்கும் தொடங்க மாட்டார்களாம். டாக்டர் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும், வருவதெல்லாம் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் வந்துவிட வேண்டும் என்றார். நாலு மாதம் முடிந்துவிட்டது. அவர்கள் நிறுத்தியிருப்பதும் இரண்டு மாதம், நமக்கு மிச்சம் இருப்பதும் இரண்டு மாதம். நீ கிளம்பி வா என்று சொல்லவில்லை, வேலையையும் குழந்தையையும் விட்டுவிட்டு எத்தனை தடவை வருவாய். என்ன செய் என்று சொல்வதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீ கெட்டிக்காரி, வேறு தாள் எழுதி ஒட்டுவாய், அதிலும் அவரைத் துடைக்காமல் இருக்க வைக்க முடியாது, துடைக்க வைக்கவும் முடியாது.

இன்றைக்கு அவருக்குத் தெரபி நாள். காலையில் யாரும் சொல்லாமலே சட்டை மாற்றிக்கொண்டார். முதல் தடவையாக ஒரு பொத்தானை இடது கையால் போட்டார், இதைச் சொல்லத்தான் உனக்குப் போன் பண்ண நினைத்தேன், அப்புறம் மீதியையும் சொல்ல வேண்டுமே என்று வைத்துவிட்டேன். ஷூ போட்டுக்கொண்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் சமையலறை மேஜையில் இதை எழுதுகிறேன். நேரமாச்சா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார், இன்னும் இருக்கு என்று இரண்டு தடவையும் சொல்லிவிட்டேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், சின்னவளுக்கு என் முத்தம், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஒன்று மட்டும் மறக்காதே, போன் பண்ணினால் இன்று அப்பாவிடம் கொடு என்று சொல்லாதே. வண்டி எப்ப வரும் என்று உன்னிடமும் கேட்பார், நீயும் என்னைப் போல ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா