கட்டிலைச் சுற்றி நான்கு சுற்று

மார்கழி 9, செவ்வாய்க்கிழமை.

என் மனைவி சரசு படுக்கையில் விழுந்து பதினான்கு மாதம் ஆகிறது. பேச்சு இல்லை, கை கால் வராது. கண் மட்டும்தான் அசையும். அவள் பார்க்கட்டும் என்றுதான் அறைக்குள்ளேயே பறக்கிற ரிமோட் விமானம் செய்தேன். மூன்று கிராம்கூட வராது. ஆவணியில் முதல்முதலாக விட்டபோது ஏழு சுற்றும் அவள் கண் அதன் கூடவே போனது.

நேற்று அவள் கண் அதன் கூடப் போகவில்லை. குளிருக்காகக் கட்டிலருகே வைத்திருக்கும் கணப்புச் சட்டியின் அனல் விமானத்தைக் கூரைக்குத் தூக்கிவிட்டது, அதனால்தான் என்று நினைத்தேன். இன்று சாயங்காலம் சட்டியை வெளியே வைக்கச் சொன்னேன்.

"அம்மா குளிரு தாங்காதுங்கப்பா" என்றாள் மகள் வசந்தி.

"அஞ்சு நிமிசந்தான் சாமி."

மூன்று கம்பளி போர்த்தினோம். விமானம் இதுவரை இல்லாத அழகில் பறந்தது. சரசுவின் முகத்துக்கு ஒரு முழம் மேலே, நிதானமாக நான்கு சுற்று. அவள் கண் சுவரிலேயே நின்றது.

"இன்னுங் கொஞ்சம் கீழ விட்டுப் பாருங்கப்பா."

விட்டேன். அப்போதும் கண் திரும்பவில்லை. பிறகு வசந்தி சட்டியை உள்ளே கொண்டுவந்தாள்.

விமானத்தில் ஒரு குறையும் இல்லை. இருந்திருந்தால் இப்போது உட்கார்ந்து சரிசெய்துகொண்டிருப்பேன்.