சோப்பு டப்பாவும் ஒட்டடைக் கம்பும்

மேல்வீடு
மார்ச் 3

அன்புள்ள சித்திக்கு,

மேல்வீட்டில் எல்லாரும் நலம். கீழ்வீட்டிலும் நலம்தான் என்று உங்கள் ஹேர் டிரையர் சத்தத்திலிருந்து தெரிந்துகொள்கிறோம்.

உங்களோடு பேசக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் பால்கனியிலிருந்து உங்கள் பின்கதவு வரை சாய்வாக ஒரு கம்பி இறங்குகிறதே, அது துணிக்கொடி அல்ல. என் ஏரியல். நேற்று அதில் உங்கள் அழகு நிலையத்துத் துண்டுகள் ஈரம் சொட்டச் சொட்டத் தொங்கின. ஈரத் துண்டு சுமக்கிற கம்பியிலிருந்து அலை ஒழுங்காகக் கிளம்பாது.

நான் சொந்தமாக ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர் கட்டியிருக்கிறேன். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கிரிஸ்டல், நாலைந்து கெப்பாசிட்டர், அம்மாவின் மருந்துக்கடையிலிருந்து வந்த காலி மாத்திரை டப்பாவில் சுற்றிய செப்புக்கம்பி. எல்லாம் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடக்கம். தட்டுவதற்கு உங்கள் பழைய ஹேர் கிளிப். (முன்பு நீங்களே கொடுத்தது. எடுத்ததல்ல.) இதில் பேச முடியாது, மோர்ஸ் தட்டலாம். சின்ன ஒலி புள்ளி, நீண்ட ஒலி கோடு. சக்தி அரை வாட் கூட இல்லை. ஆனாலும் வானம் மனசு வைத்தால் கடல் தாண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. தேர்வு எழுதி உரிமமும் வாங்கிவிட்டேன்.

தினமும் மாலை ஆறு மணிக்குத் தட்டிவிட்டு, ரிசீவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் பதில் தரவில்லை. யாராவது கேட்டால் ‘உன்னைக் கேட்டேன்’ என்று ஒரு அட்டை அனுப்புவது வானொலிக்காரர்களின் வழக்கம். அதை மாட்டுவதற்குச் சுவரில் ஆணி அடித்துவிட்டேன். ஆணி மட்டும் இருக்கிறது.

துண்டுகளைத் தயவுசெய்து வேறு இடத்தில் உலர்த்தவும்.

தங்கள் உண்மையுள்ள
அக்காள் மகள்

*

கீழ்வீடு
மார்ச் 5

ஏய் அகராதி,

அது நீதானா!

ஒரு வாரமா என் கடை ஸ்பீக்கர் ஆறு மணியானா உர்... உர்ர்ர்... உர்னு உறுமுது. நேத்து பல் டாக்டரம்மாவுக்குப் புருவம் எடுத்துட்டிருந்தேன். உர்ருன்னதும் அவங்க துள்ளினாங்க, என் நூலும் துள்ளிடுச்சு. இப்ப அவங்களுக்கு ஒரு புருவம் ஆச்சரியப்பட்டுக்கிட்டே இருக்கு, இன்னொண்ணு தூங்குது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரை முன்னாடி பார்த்தார், பின்னாடி பார்த்தார், “வயசாயிடுச்சு மேடம்”னுட்டுப் போயிட்டார். ஸ்பீக்கரைச் சொன்னாரா என்னைச் சொன்னாரான்னு இன்னும் யோசிச்சுட்டிருக்கேன்.

துண்டை எடுத்துட்டேன். எப்படியும் கொஞ்ச நாள்தான். மாசக் கடைசியில வீட்டையும் கடையையும் காலி பண்றேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் இடம் பார்த்தாச்சு. அப்புறம் நீ ஊருக்கே கேக்கற மாதிரி உறுமிக்கோ.

உங்கம்மாகிட்ட சொல்லாதே. சொன்னாலும் எனக்கொண்ணும் இல்ல. “ஒரு விரல் அளவு வெட்டுடி”ன்னது அவ. விரலைக் குறுக்கால வச்சுச் சொன்னாளா, நெடுக்கால வச்சுச் சொன்னாளான்னு நான் என்ன கனவா கண்டேன்? முழு விரல் நீளத்துக்கு வெட்டிட்டேன். மறுநாள் மருந்துக்கடையில குரூப் போட்டோவாம். குல்லா போட்டுட்டு நின்னாளாம். அதுக்காகக் கூடப்பிறந்தவளை அரை வருஷமா ‘கீழ்வீடு’ன்னே சொல்லுவாளா ஒருத்தி?

சாப்பிடு ஒழுங்கா. படிச்சுப் படிச்சு எலும்பாயிட்டே.

சித்தி

*

மேல்வீடு
மார்ச் 6

அன்புள்ள சித்திக்கு,

உலகத்தில் என் சிக்னலை முதன்முதலில் கேட்டவர் நீங்கள்தான்! ஒரு மாடி தூரம்தான் என்றாலும் தூரம் தூரம்தானே. பல் டாக்டரம்மாவிடம் என் வருத்தத்தையும் நன்றியையும் தெரிவியுங்கள்.

மோர்ஸ் எழுத்துகள் முழுவதையும் எழுதி இணைத்திருக்கிறேன். ஸ்பீக்கர் உறுமும்போது எழுதி வைத்தால் எனக்குப் பெரிய உதவி. கடைசி வரியில் சிவப்பு மையால் எழுதியிருப்பது எழுத்தல்ல, ஓர் அடையாளம். ‘முடிந்தது, கிளம்புகிறேன்’ என்பதற்கு வானொலிக்காரர்கள் ஒரே மூச்சில் தட்டுவது.

நீங்கள் காலி செய்வதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றீர்கள். நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அம்மா ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். “போகட்டுமே, யாருக்கு என்ன?” என்றார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். பிறகு, “பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரே புகையாச்சே, அவளுக்குத் தும்மல் வருமே” என்றார். “நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாதே” என்றும் சொன்னார். சொல்லவில்லை, எழுதுகிறேன்.

இன்னொன்று. அம்மாவின் முடி பழையபடி முழுக்க வளர்ந்துவிட்டது. நீங்கள் மேலே வந்து பார்க்காததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நீங்கள் போகக் கூடாது சித்தி. இதை ஏரியல் விஷயமாக எழுதவில்லை.

அன்புடன்
அகராதி

*

கீழ்வீடு
மார்ச் 14

அகராதிக்கு,

என் பொழைப்பே மாறிப்போச்சு. உன் எழுத்துத் தாளைக் கண்ணாடியில ஒட்டியிருக்கேன். ஆறு மணிக்கு வர்ற கஸ்டமர் எல்லாம் தலையில சாயத்தோட பேனாவும் கையுமா உட்கார்ந்திருக்காங்க. பல் டாக்டரம்மாதான் தலைமை. புருவம் போன கோபம் அவங்களுக்கு இப்ப சுத்தமா இல்ல.

முதல் நாள் எடுத்தது ‘CQ CQ’. “சிக்கு, சிக்கு”ன்னு படிச்சோம். “யாருக்குத் தலையில சிக்கு?”ன்னு ஆளாளுக்குச் சீப்பைத் தேடினாங்க. அதுக்கு என்னடி அர்த்தம்?

நேத்து ஒட்டடைக் கம்பால மேல தட்டினேனே, கேட்டுச்சா? புள்ளிக்குத் தட்டு, கோட்டுக்கு இழுப்பு. “டீ சாப்பிட்டியா”ன்னு கேக்க நினைச்சேன். ‘டீ’ முடியறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடுச்சு, ஒட்டடை எல்லாம் கஸ்டமர் தலையில.

போகாதேன்னு எழுதியிருக்கே. நீ சொன்னா ஆச்சா? சொல்ல வேண்டியவ சொல்லணும். பெரிசா ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு ‘வா’. அதுவும் அவளா சொல்லணும், உன் வாயால இல்ல. அப்ப யோசிக்கறேன்.

முடி வளர்ந்தது தெரியும். தினமும் காலையில அவ வேலைக்குப் போறதை ஜன்னல்ல பார்க்கறேன். நுனியெல்லாம் பிளந்திருக்கு. யார்கிட்ட வெட்டறாளோ, பாவி.

சித்தி

*

மேல்வீடு
மார்ச் 20

அன்புள்ள சித்திக்கு,

CQ என்றால் ‘யாராவது இருக்கிறீர்களா? யாராக இருந்தாலும் சரி, பேசுங்கள்’ என்று பொருள். சீப்பு தேவையில்லை.

உங்கள் ‘டீ’ நன்றாகக் கேட்டது. அம்மா அதைக் கேட்டுவிட்டு, “பாரு, ஒட்டடைக் கம்பால இடிக்கறா. சண்டைக்கு வர்றா” என்றார். “இல்லை அம்மா, டீ சாப்பிட்டேனா என்று கேட்கிறார்” என்றேன். அம்மா தரையைப் பார்த்தார். “என்னைக் கேட்டாளா, உன்னைக் கேட்டாளா?” என்றார். அதற்கு முன்பே கம்பு நின்றுவிட்டதால் எனக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

பிறகு உங்கள் நிபந்தனையைச் சொன்னேன்.

“நான் படியிறங்கிப் போய் அவளைக் கூப்பிடணுமா? என் முடியை வெட்டினது அவ!”

“இறங்க வேண்டாம். தட்டினால் போதும்.”

“தட்டறது பேசறதுல சேராதில்ல?”

“சேராது அம்மா.”

“அப்பச் சரி.”

எனவே நாளை ஆறு மணிக்கு அம்மாவே தட்டப்போகிறார். V, A என்று இரண்டே எழுத்து. மாத்திரை எண்ணும் விரல் என்பதால் வேகமாகவே கற்றுக்கொண்டார். ஸ்பீக்கரைப் போட்டு வையுங்கள். எல்லாத் துண்டையும் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்
அகராதி

*

கீழ்வீடு
மார்ச் 22, காலை

கண்ணு,

நேத்து கேட்டேன். தெளிவாத்தான் வந்துச்சு. புள்ளி புள்ளி புள்ளி கோடு புள்ளி கோடு. ஒரே மூச்சுல. தாள்ல கடைசி வரி. சிவப்பு மை.

முடிந்தது, கிளம்புகிறேன்.

பல் டாக்டரம்மா ரெண்டாவது தடவை சரிபார்த்தாங்க. அப்புறம் எல்லாருக்கும் சாயத்தைக் கழுவி அனுப்பிட்டேன்.

அவ சொல்ல வேண்டியதை அவளே சொல்லிட்டா. அதுவும் நல்லதுதான். ஞாயித்துக்கிழமை லாரி வருது. இனிமே கடிதம் கொண்டு வராதே, அவளுக்குத் தெரிஞ்சா உன்னைத் திட்டுவா.

கிளிப்பை நீயே வச்சுக்கோ.

சித்தி

*

மேல்வீடு
மார்ச் 22, மதியம்

சித்தி! சித்தி! சித்தி!

தயவுசெய்து மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள்.

அம்மா தட்டியது ‘வா’தான்! V என்பது புள்ளி புள்ளி புள்ளி கோடு. A என்பது புள்ளி கோடு. நடுவில் ஓர் இடைவெளி விட வேண்டும். விடாமல் சேர்த்துத் தட்டினால் அது ‘முடிந்தது’ அடையாளமாகிவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் அந்த இடைவெளி மட்டும்தான். தாளை எழுதிய எனக்கே இது தோன்றவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

இடைவெளி விடச் சொல்லித்தான் கொடுத்தேன். அம்மா கேட்கவில்லை. “ஒரு வார்த்தைக்கு நடுவுல எதுக்கு நிறுத்தணும்? வ்... ஆன்னா, கூப்பிடற மாதிரியா இருக்கும், கொட்டாவி விடற மாதிரி இருக்கும்” என்றார்.

உங்கள் கடிதத்தை இம்முறை மேசையில் வைக்கவில்லை, கையிலேயே கொடுத்தேன். படித்துவிட்டு, “நான் வான்னுதானே சொன்னேன்” என்றார். பிறகு கடிதத்திடமே இன்னொரு முறை சொன்னார். இன்று மதியம் கடைக்குப் போகவில்லை. சோப்பு டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து, பேட்டரி இல்லாமல் தட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார்.

“எவ்வளவு இடைவெளி விடணும்?” என்று கேட்டார். “ஒரு கோடு நீளம்” என்றேன். “ஒரு கோடுன்னா எவ்வளவு?” என்றார். அளவு விஷயத்தில் நம் குடும்பத்துக்கு ஏதோ தோஷம் இருக்கிறது சித்தி.

இன்று ஆறு மணிக்கு மறுபடியும். ஸ்பீக்கரைக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். கடிதம் கொண்டு வர வேண்டாம் என்றீர்கள், ஆகவே கொண்டு வரவில்லை. கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

அகராதி

*

கீழ்வீடு
மார்ச் 23

‘உன்னைக் கேட்டேன்’ அட்டை
(விலைப்பட்டியல் அட்டையோட பின்பக்கம். வேற அட்டையெல்லாம் மூட்டைக்குள்ள இருக்கு, இனிமேதான் பிரிக்கணும்.)

மேல்வீட்டு வானொலி நிலையத்துக்கு,

உங்கள் சிக்னல் நேற்று மாலை ஆறு மணிக்குக் கீழ்வீட்டு ஸ்பீக்கரில் நல்ல உறுமலுடன் கிடைத்தது என்று இதனால் உறுதி கூறுகிறேன். இப்படித்தானே எழுதணும்?

கிடைச்சது: புள்ளி புள்ளி புள்ளி கோடு. அதோட இடைவெளி. சரி, மிச்சம் வரும்னு நின்னேன். வரல. கரண்ட் போயிடுச்சோன்னு பார்த்தா ஃபேன் சுத்துது. பல் டாக்டரம்மா, “மனசு மாறிட்டாங்களோ?”ன்னாங்க. இடைவெளி போயிக்கிட்டே இருக்கு. கையில சீப்போடயே படியேறி ஓடி வந்தா, உங்கம்மா கிளிப்புக்கு மேல விரலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உன்னைப் பார்த்து, “இவ்வளவு போதுமாடி?”ங்கறா!

ஆக, பாதி வார்த்தைதான் கிடைச்சுது. மீதி வராததைப் பத்திப் புகார் ஏதும் இல்ல.

லாரிக்காரரை வேணாம்னுட்டேன். பஸ் ஸ்டாண்டு இடத்துக்கும் சொல்லியாச்சு.

குறிப்பு: நாளைக்கு முடி வெட்டிக்க வர்றாளாம் உங்கம்மா. நேத்து நான் கிளம்பறப்ப வாசல்ல நின்னுக்கிட்டு, “ஒரு விரல் போதும்”னா. குறுக்காலயா நெடுக்காலயான்னு கையெழுத்தோட எழுதி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் கத்தரிக்கோலைத் தொட மாட்டேன்.

சித்தி