வலது பின் ஸ்பீக்கர்

நவம்பர் 4, திங்கள்

விடியற்காலையில் தொடங்கிய மழை. ஆரையம்பதி ரோட்டில் முழங்கால் தண்ணீர். கோயிலுக்கு வாடகைக்குப் போன ஸ்பீக்கர்ப் பெட்டிகள் நனைந்து வந்தன. துடைத்து அடுக்கினேன். எழும்பியதிலிருந்து வலது காதில் அடைப்பு, உள்ளே ஓர் இரைச்சல். சளித் தடிமன் பிடிக்கப்போகிறது போல.

கொழும்பில் ஒலிப்பதிவு படிக்கும் மகள் நிலானி லிங்க் அனுப்பியிருக்கிறாள். கடைசிப் பரீட்சைக்கு அவள் செய்த வீடியோ. நம்முடைய வாவி, தோணி, தவளை. ஆறு ஸ்பீக்கரில் கேட்க வேண்டுமாம். சவுண்ட் சேர்விஸ்காரன் வீட்டில் ஸ்பீக்கருக்கா பஞ்சம்! ஆறு பெட்டியைச் சுற்றி வைத்து லப்டொப்பில் போட்டேன். முன் இரண்டு மட்டும் பேசின.

நவம்பர் 5, செவ்வாய்

போனில் நிலானி: "அப்பா, பிரவுசர்ல ரெண்டு பக்கச் சத்தம்தான் வரும். லிங்கக் கொப்பி பண்ணி, தனி வீடியோ பிளேயர் ஒண்டில போடுங்க."

பிளேயர் இறக்கினேன். லிங்க் ஒட்டினேன். முதலில் படம் மட்டும், சத்தம் இல்லை. ஓடியோவை ஆறு ஸ்பீக்கருக்கான 5.1க்கு மாற்றி, அம்பிளிபயருக்கு வேறு கேபிள் கொடுத்த பிறகு வந்தது. முதுகுக்குப் பின்னால் தவளைகள். உடம்பு சிலிர்த்துவிட்டது. என் பிள்ளை செய்தது.

ஆனால் தோணிச் சத்தம் இடப்பக்கமிருந்து பின்னால் சுற்றி வலப்பக்கம் போக வேண்டும். போகவில்லை. எல்லாம் இடப்பக்கமே நிற்கிறது.

நவம்பர் 6, புதன்

மழை. வேலை இல்லை. வலது பின் ஸ்பீக்கரோடு முழுநாளும்.
வயர் மாற்றியது.
ஸ்பீக்கரை இடம் மாற்றியது.
வேறு பிளேயர், இரண்டு.
எதிலும் அதே கதை.

மனுசி பத்மா வந்து நடுவில் நின்று கேட்டாள். "இஞ்ச, வலப்பக்கத்திலயும் நல்லாத்தானே கேக்குது."

"உனக்கென்ன தெரியும். சும்மா இரு."

குசினிக்குப் போய்விட்டாள்.

மகளுக்குப் போன் எடுத்தேன். "சத்தம் முழுக்க இடப்பக்கம் விழுந்து கிடக்கு மகள். தோணி நகரவே இல்ல."

"ஸ்டூடியோவில நாலு தரம் கேட்டனே அப்பா."

"கேட்டது பிழை."

கீபோர்ட்டில் ஏதோ தட்டும் சத்தம். பிறகு, "வெள்ளிக்கிழமை குடுக்கணும். வலப்பக்கத்தக் கூட்டி விடுறன். நீங்க சொன்னாச் சரியாத்தான் இரிக்கும்."

நவம்பர் 8, வெள்ளி

நிலானி வீடியோவைக் கொடுத்துவிட்டாளாம். தலை லேசாகச் சுற்றுகிறது. அடைப்பு போகவில்லை. ஆவி பிடித்தேன். டொக்டரிடம் போவோம் என்றாள் பத்மா. தடிமனுக்கு யார் டொக்டரிடம் போவது. மத்தியானம் கருவாட்டுக் குழம்பு.

நவம்பர் 11, திங்கள்

செட்டிபாளையத்தில் கலியாண வீடு. நான்தான் சவுண்ட் மிக்சரில். பெண்ணின் மாமன் ஓடி வந்தார். "அண்ணன், என்ன இது? அந்தப் பக்கத்துப் பெட்டி காதக் கிழிக்குது. பிள்ளையள் அழுகுதுகள்."

எந்தப் பக்கம் என்று கேட்டேன். வலப்பக்கம். எனக்குச் சத்தம் பத்தாது என்று கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

பின்னால் போய், போனில் ஒரு பாட்டைப் போட்டு வலது காதில் வைத்தேன். இரைச்சல் மட்டும். இடது காதில் வைத்தேன், பாட்டு. இன்னொரு தரம் வலது. இன்னொரு தரம். சமையல்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

நவம்பர் 13, புதன்

மட்டக்களப்பு டவுனில் காது டொக்டர். சின்ன வயதுப் பெண். கண்ணாடி அறைக்குள் வைத்துச் சோதித்தார்.

"எப்ப தொடங்கினது ஐயா?"

"ஒம்பது நாள்."

எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "ரெண்டு மூண்டு நாளைக்குள்ள வந்திருந்தா நல்லம். இப்ப குளிசை தாறன். காது திரும்பக் கேக்கும் எண்டு உறுதி சொல்ல ஏலாது."

அந்த இரண்டு மூன்று நாளும் நான் வயர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் பத்மா குளிசைப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அண்டைக்கே சொன்னேனே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 16, சனி

இன்று மழை இல்லை, வெயிலும் இல்லை. பி.ப. நான்கு மணிக்கு நிலானி போன் எடுத்தாள். பாஸ். ஆனால் குறைந்த பாஸ். வலப்பக்கம் மிகையாம், செய்தவரின் காது இன்னும் பழகவில்லையாம் என்று பரீட்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். அழாமல் சொன்னாள்.

"உன்ட பிழை இல்ல மகள். நீ முதல்ல செய்ததுதான் சரி. எனக்கு வலது காது கேக்கல்ல. ஸ்பீக்கர் எண்டு நினைச்சன்."

 லைன் கட் ஆனது. போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கோபப்பட்டால் படட்டும். படத்தான் வேண்டும்.

கால் மணித்தியாலம் கழித்துத் திரும்ப எடுத்தாள். மூக்கடைத்த குரல். "டொக்டர் தந்த குளிசையப் போட்டீங்களா அப்பா?"

போட்டேன் என்றேன். போடவில்லை. போனை வைத்துவிட்டு எழும்பிப் போய்ப் போட்டேன்.